சிவிடி கியர்பெட்டி: சிங்கப்பூரில் கார் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உபி வட்டாரத்தில் ஒரு பட்டறையில் கியர்பெட்டி வேலை பார்ப்பவன் நான். கார் தூக்கியில் ஏறி நிற்கும்போது, உரிமையாளர்கள் பக்கத்தில் வந்து நின்று கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கை எண்ணெயோடு அவசரத்தில் சொல்லும் பதில்கள் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்ததில்லை. ஆகவே அவற்றை நிதானமாக இங்கே எழுதுகிறேன். ‘சிவிடி என்றாலே சீக்கிரம் போய்விடும்’ என்ற பேச்சு நம்மவர்களிடையே வலுவாக இருக்கிறது. நான் பிரித்துப் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவை சூட்டாலும் மாற்றப்படாத எண்ணெயாலும் கெட்டவை. இவ்விரண்டையும் கவனித்தவர்களின் கார்கள் பத்து ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழை (சிஓஇ) முடித்துவிட்டு, புதுப்பித்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சிவிடி என்றால் என்ன? வழக்கமான ஆட்டோ கியரிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

எந்தப் பெட்ரோல் இயந்திரமும் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் நன்றாக உழைக்கும். சக்கரங்களோ நின்ற நிலையிலிருந்து 90 கிலோமீட்டர் வேகம் வரை எந்த வேகத்திலும் சுழல வேண்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நின்று பொருத்திக் கொடுப்பதுதான் கியர்பெட்டியின் வேலை. வழக்கமான ஆட்டோ கியரில் நான்கு, ஆறு, எட்டு என்று எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட பல்சக்கர விகிதங்கள் இருக்கும். கார் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். சிவிடியில் அப்படிப் படிகள் கிடையாது. வீவக புளோக்கின் தரைத்தளத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே சக்கர நாற்காலிக்கென்று ஒரு சாய்தளம் இருக்குமல்லவா? படிக்கட்டில் நீங்கள் இரண்டாம் படியிலோ மூன்றாம் படியிலோதான் நிற்க முடியும்; சாய்தளத்தில் எந்த உயரத்திலும் நிற்கலாம். சிவிடி அந்தச் சாய்தளத்தைப் போன்றது. அதன் மிகக் குறைந்த விகிதத்துக்கும் மிக உயர்ந்த விகிதத்துக்கும் இடையே எந்தப் புள்ளியிலும் அது நிற்கும்.

பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

இரண்டு கப்பிகளும் அவற்றைச் சுற்றி ஓடும் ஓர் எஃகு பெல்ட்டும் இருக்கின்றன. ஒவ்வொரு கப்பியும் முகத்தோடு முகம் பார்க்கும் இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. ஒரு தட்டு அச்சோடு நிலையாக இருக்கும். மற்றது எண்ணெய் அழுத்தத்தால் முன்னும் பின்னும் நகரும். தட்டுகள் நெருங்கினால் இடையிலுள்ள பள்ளம் குறுகி, பெல்ட் வெளிவிளிம்பை நோக்கி ஏறுகிறது, அதாவது கப்பி பெரிதானதைப் போல நடந்துகொள்கிறது; தட்டுகள் விலகினால் பெல்ட் மையத்தை நோக்கி இறங்குகிறது. பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால், இயந்திரப் பக்கத்துக் கப்பி விரியும்போது சக்கரப் பக்கத்துக் கப்பி அதற்கேற்பச் சுருங்க வேண்டும். இந்த இரண்டு அசைவுகளையும் ஒரே நேரத்தில், மில்லிமீட்டருக்கும் குறைவான துல்லியத்தோடு நடத்துவது எண்ணெய் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வுத் தொகுதியும் கணினியும் ஆகும்.

பெல்ட் என்றதும் பலரும் ரப்பர் பட்டையை நினைக்கிறார்கள். பட்டறை மேசையில் ஒரு பழைய பெல்ட்டை வைத்திருக்கிறேன். கேட்பவர்களிடம் அதையே கையில் கொடுத்துவிடுவேன். அதில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, மெல்லிய எஃகுத் தகடுகள் சுமார் 400, புத்தகத்தின் தாள்களைப் போல நெருக்கமாக நிற்கின்றன. இருபுறமும் உள்ள வெட்டில், காகிதம் போல் மெலிந்த எஃகு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு அவற்றைக் கோத்துப் பிடித்திருக்கின்றன. இந்தப் பெல்ட் இழுத்து வேலை செய்வதில்லை, தள்ளி வேலை செய்கிறது: ஒரு தகடு அடுத்த தகட்டைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, விசை ஒரு கப்பியிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேருகிறது. தகட்டின் ஓரத்தை விரலால் தடவினால் நுண்ணிய வரிகள் தட்டுப்படும். கூம்பைப் பிடிப்பது அந்த ஓரம்தான். முழு முறுக்குவிசையும், எண்ணெய்ப் படலம் நடுவே இருக்க, அந்தச் சிறிய ஓரங்களின் வழியாகத்தான் கடக்கிறது.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சுழல்பவை, அவை வழுக்குவதில்லை. சிவிடி உராய்வை நம்பி இயங்குவது. ஆகவே அதன் எண்ணெய் மசகாக மட்டும் இருந்தால் போதாது. எஃகும் எஃகும் அழுந்தும் இடத்தில் பிடிப்பையும் தர வேண்டும். ஒரே திரவம் வழுக்கவும் வேண்டும், வழுக்காமலும் இருக்க வேண்டும் என்ற இந்த முரணான கட்டாயத்தைப் புரிந்துகொண்டவர்கள், கீழே எண்ணெயைப் பற்றி நான் எழுதியிருப்பதை எளிதில் ஏற்றுக்கொள்வார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கார் கண்காட்சியில் டாஃப் 600 என்ற சிறிய காரைக் காட்டியது. ஹூப் வான் டோர்ன் வடிவமைத்த ‘வேரியோமேட்டிக்’ என்ற சிவிடி அதில் இருந்தது. அந்தக் காலத்துப் பெல்ட் ரப்பரால் ஆனது. முன்னே போகும் அதே விகிதங்கள் பின்னே போவதற்கும் கிடைத்ததால், டாஃப் கார்கள் பின்னோக்கியும் அதே வேகத்தில் ஓடக்கூடியவையாக இருந்தன. டச்சுக்காரர்கள் அவற்றை வைத்துப் பின்னோக்கிப் பந்தயமே நடத்தினார்கள். வான் டோர்ன் பிறகு எஃகுத் தள்ளுபெல்ட்டை உருவாக்கினார். அது 1987ஆம் ஆண்டில் சுபாரு ஜஸ்டி, ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபியட் ஊனோ ஆகிய சிறிய கார்களில் வந்தது. அவருடைய பெல்ட் நிறுவனத்தை 1995இல் பாஷ் வாங்கிக்கொண்டது.

பந்தயத்திலும் ஒருமுறை முயன்றார்கள். 1993இல் வில்லியம்ஸ் அணி தன் ஃபார்முலா ஒன் காரில் சிவிடியைப் பொருத்தி, டேவிட் கூல்ட்ஹார்டை வைத்துச் சோதித்தது. அடுத்த ஆண்டுக்கான விதிகள் அதைத் தடை செய்துவிட்டதால் அது பந்தயத் தடத்தில் போட்டியிடவே இல்லை.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் முதலில் வருகிறது, வேகம் பிறகு வருகிறது. இது பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. தீவு விரைவுச்சாலையில் இணையும் கிளைச்சாலையில் நீங்கள் அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் உச்சத் திறன் உயர்ந்த சுழற்சியில்தான் கிடைக்கும் என்பது கணினிக்குத் தெரியும். எனவே அது முதலில் இயந்திரத்தை நிமிடத்துக்கு 4,000 அல்லது 5,000 சுற்றுக்கு ஏற்றிவிட்டு, அதை அங்கேயே நிறுத்தி, விகிதத்தை மட்டும் மெதுவாக மாற்றிக் காரின் வேகத்தைக் கூட்டுகிறது. நம் காது, சத்தம் ஏற ஏற வேகமும் ஏறும் என்று பழக்கப்பட்டது. இங்கே சத்தம் ஒரே சுருதியில் நிற்க, வேகமானி மட்டும் ஏறுகிறது. ரப்பர் பட்டையை இழுத்து விட்டதைப் போல இருக்கிறது என்று பலர் சொல்வது இந்த உணர்வைத்தான்.

இணைவதற்கு இரண்டு விநாடி முன்பே மிதியைப் பாதி அளவுக்கு அழுத்திவிட்டால் விகிதம் தயாராகிவிடும், சத்தமும் குறையும். ஆனால் மிதியை அழுத்தாமலேயே சுழற்சி முள் திடீரென்று துள்ளி ஏறி, கார் அதற்கேற்ப முன்னேறாமல் இருந்தால், அது வேறு கதை. அதைப் பழுதின் அறிகுறிகள் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

படிகளே இல்லையென்றால் என் காரில் ஏழு கியர் என்று ஏன் காட்டுகிறது?

அவை மென்பொருள் உண்டாக்கும் படிகள். கப்பிகளை ஏழு குறிப்பிட்ட இடங்களில் சற்று நிறுத்தி நிறுத்தி நகர்த்துகிறார்கள். ஓட்டுபவருக்குப் பழகிய உணர்வு கிடைப்பதற்காகச் செய்யப்படுவது. மலையிறக்கத்தில் இது பயன்படும். நகரத்தில் அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

பெட்ரோல் உண்மையிலேயே மிச்சமாகிறதா?

சீரான ஓட்டத்தில் மிச்சமாகிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் சிறிய இயந்திரம்கூட 2,000 சுற்றுக்கு அருகிலேயே அமைதியாக ஓடும். பழைய நான்கு கியர் ஆட்டோவில் அதே வேகத்துக்குக் கணிசமாகக் கூடுதல் சுற்று தேவைப்பட்டது. இதற்கு ஒரு விலையும் உண்டு. கூம்புகளை அழுத்திப் பிடிக்க எண்ணெய்ப் பம்பு ஓயாமல் உயர் அழுத்தம் தர வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பு இயந்திரத்திலிருந்துதான் வருகிறது. நல்ல எட்டு கியர் ஆட்டோ பெட்டிகள் வந்த பிறகு சிவிடியின் மேன்மை முன்பு இருந்த அளவுக்கு இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஜாட்கோ நிறுவனம் 2009இல் பெல்ட்டோடு இரண்டு படி கொண்ட ஒரு துணைப் பல்சக்கரத் தொகுதியைச் சேர்த்து விகித வீச்சை விரித்தது. டொயோட்டா தன் ‘டைரக்ட் ஷிஃப்ட்’ சிவிடியில், புறப்படுவதற்கென்றே உண்மையான முதல் பல்சக்கரம் ஒன்றை வைத்தது. கார் வேகம் பிடித்த பிறகுதான் பெல்ட் பொறுப்பேற்கிறது. புறப்படும் நேரத்தில்தான் பெல்ட்டின் மீது சுமை மிகுதி என்பதால் இதை நான் மிகவும் அறிவுள்ள தீர்வாகக் கருதுகிறேன். டைஹாட்சுவின் இரட்டை முறை சிவிடி இதற்கு நேர்மாறான இடத்தில் உதவி தேடுகிறது: வேகம் கூடியதும் விசையின் ஒரு பகுதியைப் பல்சக்கரங்கள் வழியே அனுப்புகிறது. ஜோகூர் பாருவில் நீங்கள் பார்க்கும் பெரோடுவா அத்திவாவில் இருப்பது அதுதான்.

சிங்கப்பூரில் எந்தெந்தக் கார்களில் சிவிடி இருக்கிறது?

இங்கே சிவிடி இவ்வளவு பரவியதற்கு நம் வாகன உரிமைச் சான்றிதழ் முறைக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. ‘ஏ’ பிரிவில் வரும் பெட்ரோல் கார் 1,600 சிசிக்கும் 97 கிலோவாட்டுக்கும் மிகாமல் இருக்க வேண்டும்; சாலை வரியும் இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. எனவே சிறிய இயந்திரங்கள் நிறைந்த சந்தை இது. சிறிய இயந்திரத்தின் குறைந்த முறுக்குவிசையைப் பெல்ட் எளிதாகத் தாங்கும்.

டொயோட்டாவில் இரண்டாம் தலைமுறை விஷ், 2014க்குப் பிந்தைய கொரோலா ஆல்டிஸ், பிற்கால வியோஸ், பெட்ரோல் சியன்டா ஆகியவை பெல்ட் சிவிடி கொண்டவை. நிசானில் சில்ஃபியும் காஷ்காயும் உண்டு. ஹோண்டாவில் பெட்ரோல் ஜாஸ், பெட்ரோல் வெசல், சிவிக் 1.5 டர்போ ஆகியவை. மிட்சுபிஷி அட்ராஜும், சுசுக்கி ஸ்விஃப்டின் சாதாரண ரகங்களும் இந்த வகையே. சுபாரு ஃபாரஸ்டரிலும் எக்ஸ்வியிலும் தள்ளுபெல்ட்டுக்குப் பதில் இழுத்து வேலை செய்யும் எஃகுச் சங்கிலி இருக்கிறது. அதை ‘லீனியர்ட்ரானிக்’ என்கிறார்கள். ஹியுண்டாய் 2020இல் வெளியிட்ட அவான்தேயிலும் சங்கிலிதான், அந்த நிறுவனம் அதற்கு ஐவிடி என்று பெயர் வைத்திருக்கிறது. ஐரோப்பியக் கார்களில் ஔடியின் ‘மல்டிட்ரானிக்’ 2014இல் நிறுத்தப்பட்டது. மெர்சிடிஸின் பழைய ஏ, பி வகுப்புகளிலும் 2012 வரை சிவிடி இருந்தது.

மஸ்டா பொதுவாக இந்தப் பக்கம் வருவதில்லை. மஸ்டா 3இல் இருப்பது ஆறு கியர் ஆட்டோ. முந்தைய தலைமுறை வெசல் ஹைபிரிட்டைத் தனியார் வாடகை ஓட்டுநர்கள் பலர் சிவிடி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டி. அதன் எண்ணெயும் பராமரிப்பும் முற்றிலும் வேறு.

‘இ-சிவிடி’ என்று விற்பனைத் தாளில் போட்டிருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. இந்தப் பெயர்க் குழப்பத்தால் பலர் தேவையில்லாமல் அஞ்சுகிறார்கள், சிலர் தேவையில்லாத செலவும் செய்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1997இல் வந்த டொயோட்டா பிரியஸ் முதல் இன்றைய சியன்டா ஹைபிரிட், யாரிஸ் கிராஸ் ஹைபிரிட் வரை, டொயோட்டாவின் இ-சிவிடியில் கூம்பும் இல்லை, பெல்ட்டும் இல்லை. நடுவே ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிக் கோள்களைப் போல் சுழலும் சிறு பல்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம் என்று ஒரே ஒரு கோள் பல்சக்கரத் தொகுதிதான் அதன் இதயம். இயந்திரம் கோள்களைத் தாங்கும் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. முதல் மின்மோட்டார் நடுச்சக்கரத்தோடும், இரண்டாவது மின்மோட்டார் சக்கரங்களுக்குப் போகும் வளையத்தோடும் இணைந்திருக்கின்றன. முதல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், இயந்திரம் எத்தனை சுற்றில் ஓட வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. பற்கள் எப்போதும் கோத்தே இருக்கின்றன. வழுக்குவதற்கு அதில் எதுவும் இல்லை. நம் ஊரில் டாக்சியாக ஓடிய பிரியஸ்களைப் பார்த்தவர்களுக்கு இதன் உழைப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஹோண்டாவின் இ:எச்இவி வேறு வழி. நகர ஓட்டத்தில் இயந்திரம் மின்னாக்கியைச் சுழற்றுகிறது, மின்மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. விரைவுச்சாலை வேகத்தில் ஒரு கிளச் இணைந்து இயந்திரமே நேரடியாகச் சக்கரத்தை ஓட்டுகிறது. நிசானின் இ-பவரில் இயந்திரம் சக்கரத்தோடு இணைவதே இல்லை. ஹியுண்டாய் அயானிக் ஹைபிரிட் டாக்சிகளில் ஆறு கியர் இரட்டைக் கிளச் பெட்டி இருக்கிறது. ஆக, ‘ஹைபிரிட்’ என்ற ஒரே பலகையின் கீழ் நான்கு வகைப் பெட்டிகள் நிற்கின்றன. வாங்குமுன் எந்த வகை என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் மாடல் குறியீட்டை வைத்துப் பட்டறையில் விசாரியுங்கள்.

சிவிடி எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும்? ‘ஆயுள் முழுவதற்கும் ஒரே எண்ணெய்’ என்கிறார்களே?

கையேட்டில் இரண்டு அட்டவணைகள் இருக்கும்: ஒன்று சாதாரணப் பயன்பாட்டுக்கு, மற்றொன்று கடுமையான பயன்பாட்டுக்கு. குறுகிய தூர ஓட்டம், நின்று நின்று நகரும் நெரிசல், நீடித்த வெப்பம் ஆகியவற்றைக் கடுமையான பயன்பாடு என்று கையேடுகள் சொல்கின்றன. ஆண்டு முழுவதும் 30 பாகைக்கு மேல் வெயில் அடிக்கும் ஊரில், மாலை ஆறு மணிக்கு மத்திய விரைவுச்சாலையில் ஊர்ந்து போகும் கார் இதில் எந்த அட்டவணைக்குரியது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். சொந்தக் காருக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதே நான் சொல்லும் கணக்கு. நாள் முழுவதும் வாடகைக்கு ஓடும் காருக்கு அதைவிடவும் முன்னதாக மாற்றுவது நல்லது. அந்த ஓட்டுநர்கள் சிலர் ஒரே ஆண்டில் இந்தத் தூரத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

எண்ணெயை வடித்துவிட்டு அடிச்சட்டியைக் கழற்றினால், அதன் உட்புறத்தில் சில சிறிய காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் படிந்திருப்பதைப் பார்த்துத்தான் பெட்டியின் உடல்நிலையை நான் கணிக்கிறேன். மெல்லிய சாம்பல் நிறப் பசை, விரலில் தேய்த்தால் வெண்ணெய் போல் கரைகிறது என்றால் அது இயல்பான தேய்மானம். அதே பசையில் விரலைக் குத்தும் வெள்ளித் துகள் தட்டுப்பட்டால் பெல்ட்டோ கூம்போ சுரண்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒருமுறை 130,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு காரைக் கொண்டு வந்தார்கள். அதுவரை எண்ணெயே மாற்றப்படவில்லை. வடிந்த எண்ணெய் கோப்பி ஓ நிறத்தில் இருந்தது, கருகிய வாடை வந்தது, காந்தங்கள் துகளில் மூழ்கி அடையாளமே தெரியவில்லை. கூம்பின் முகத்தில், கார் வழக்கமாக ஓடிய வேகத்துக்குரிய இடத்தில், கோலப்பொடியால் இழுத்தது போல் ஒரு வட்டத் தழும்பு. அந்தத் தழும்பை எந்த எண்ணெயாலும் ஆற்ற முடியாது.

எண்ணெய் பழையதானால் பிடிப்புத் தன்மை குறைகிறது. பெல்ட் நுண்ணளவில் வழுக்குகிறது. வழுக்கலில் துகள் உதிர்கிறது. துகள் வால்வுத் தொகுதிக்குள் போய்ச் சிக்கி அழுத்தத்தைக் குறைக்கிறது. அழுத்தம் குறைந்ததும் பெல்ட் இன்னும் அதிகமாக வழுக்குகிறது. இப்படி ஒன்று மற்றொன்றை வளர்ப்பதால்தான், பல மாதம் அமைதியாக இருந்த பெட்டி கடைசியில் இரண்டு வாரத்தில் விழுந்துவிடுகிறது.

எந்த எண்ணெயை ஊற்றினாலும் சரிதானே?

கூடாது. சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயைச் சிவிடியில் ஊற்றினால் பெட்டி வீணாகும். நிசானுக்கு என்எஸ்-2, என்எஸ்-3 என்றும், ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2 என்றும், டொயோட்டாவுக்கு எஃப்இ என்றும் ரகங்கள் இருக்கின்றன. கையேட்டில் உள்ள பெயரும் டின்னில் உள்ள பெயரும் பொருந்துவதைக் கண்ணால் பாருங்கள். பல பெட்டிகளில் அளவுக்கோல் இல்லை. குறிப்பிட்ட சூட்டில், கார் சமதளத்தில் நிற்கும்போது, கணினிக் கருவியை இணைத்துத்தான் அளவைச் சரிபார்க்க வேண்டும். அந்தக் கருவி இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கடற்பால நெரிசலும் கெந்திங் மலையும் சிவிடிக்கு ஆகாது என்கிறார்களே?

இரண்டும் ஆகும், ஓட்டும் முறை முக்கியம். தீபாவளி விடுமுறைக்கு முந்தைய இரவு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் மூன்று மணி நேரம் நின்றால், இயந்திரத்தின் விசையை எண்ணெய் வழியே பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் கலங்கிக்கொண்டே இருக்கும், காற்றோட்டமும் இருக்காது. முன் கார் நகர்ந்த ஒவ்வொரு முறையும் அரை மீட்டர் ஊர்வதைவிட, இரண்டு மூன்று கார் நீளம் இடைவெளி விழுந்த பிறகு ஒரே சீராக நகர்ந்து நிற்பது பெட்டிக்கு நல்லது. மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக் காரைப் பிடித்து நிறுத்துவது மிகக் கெட்ட பழக்கம், பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்விட்டு அப்படியே கெந்திங் ஏறும் குடும்பங்கள் பல. ஏழு பேரும் மூட்டைகளும் ஏறிய விஷ், மலையேற்றத்தில் திடீரென்று வலுவிழந்து, எவ்வளவு மிதித்தாலும் சுழற்சி ஏற மறுத்தால் பதற வேண்டாம். எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டதால் கணினி தற்காப்பாக வலுவைக் குறைக்கிறது. பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, ‘பி’யில் வைத்து, இயந்திரத்தை அணைக்காமல் சிறிது நேரம் ஆறவிடுங்கள். இறங்கும்போது ‘எல்’ அல்லது ‘எஸ்’ நிலைக்கு மாற்றினால் விகிதம் தாழ்ந்து இயந்திரமே காரைப் பிடித்துக்கொள்ளும். டொயோட்டா ஹைபிரிட்டில் அது ‘பி’ (B) என்ற எழுத்தோடு, நிறுத்தும் ‘பி’யிலிருந்து (P) தனியாக, கியர் தடியின் வரிசையிலேயே இருக்கும். பிரேக்கை மட்டும் நம்பி கெந்திங் இறங்கி, அடிவாரத்தில் பிரேக் புகைந்த கார்களைப் பார்த்திருக்கிறேன்.

பழுது தொடங்குவதை எப்படி அறிவது?

குறைந்த வேகத்தில், ஏறக்குறைய 20 முதல் 40 கிலோமீட்டருக்குள், சாலை சமமாக இருந்தும் கார் நடுங்குவது முதல் அறிகுறி. வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளை போன்ற சத்தம் பெரும்பாலும் தாங்கிகளிலிருந்து (பேரிங்) வருகிறது. ‘டி’யிலோ ‘ஆரி’லோ போட்ட பிறகு கார் பிடிக்க இரண்டு மூன்று விநாடி தயங்கினால் அழுத்தம் குறைவு. மிதியின் நிலை மாறாமலேயே சுழற்சி துள்ளினால் பெல்ட் வழுக்குகிறது. அன்றே ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். முதல் மூன்றும் தொடக்க நிலையில் கவனிக்கப்பட்டால் எண்ணெய், வால்வுத் தொகுதி, தாங்கி என்று பகுதி வேலையோடு முடிய வாய்ப்புண்டு.

வாகனத் துறையினருக்குத் தெரிந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நிசான் தன் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களுக்குச் சிவிடி உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 120,000 மைல் என்று நீட்டிக்க வேண்டியிருந்தது. சிவிடியின் பெயர் கெட்டதில் அந்தக் காலத்துப் பெட்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு வந்தவற்றை அதே தராசில் நிறுப்பது நியாயமாகாது.

ஸ்கூட்டரில் இருப்பதும் சிவிடிதானா?

ஆம். அதில் ரப்பர் பெல்ட், எண்ணெய் அழுத்தத்துக்குப் பதில் சுழற்சியால் வெளியே தள்ளப்படும் சிறு உருளை எடைகள், கடைசியில் ஒரு மையவிலக்குக் கிளச். உணவு விநியோகம் செய்யும் தம்பிமார் பெல்ட்டையும் உருளைகளையும் கையேட்டில் சொன்ன தூரத்தில் மாற்றிவிட வேண்டும்; அறுந்தால் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும்.

பழைய சிவிடி கார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இயந்திரம் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலையில் போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே காரை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். ‘பி’யிலிருந்து ‘ஆர்’, ‘டி’ ஆகியவற்றுக்கு மாற்றி, பிடிக்கும் நேரத்தைக் கவனியுங்கள். பல மாடி வாகன நிறுத்துமிடத்தின் சுழல்மேட்டில் குளிரூட்டியைப் போட்டபடி மெதுவாக ஏறிப் பாருங்கள். நடுக்கம் இருந்தால் அங்கே வெளிப்பட்டுவிடும். பிறகு அரை மணி நேரமாவது விரைவுச்சாலையில் ஓட்டி, நன்றாகச் சூடேறிய பின் மீண்டும் அதே மேட்டில் ஏறுங்கள். எண்ணெய் மாற்றிய ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். ‘செய்தாச்சு’ என்ற வாய்ச்சொல் ரசீது ஆகாது.

வணிகரிடமிருந்து வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதும் சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே நடப்பில் இருக்கிறது. பழைய கார்களுக்கும் அது பொருந்தும். வழக்கமான தேய்மானத்துக்கும், தனிநபரிடம் நேரடியாக வாங்கிய காருக்கும் பொருந்தாது. என் உறவினர் ஒருவர் வாங்கிய கார் நான்காம் வாரத்திலேயே நடுங்கத் தொடங்கியது. விற்ற கடை முதலில் மறுத்தது. வாங்கிய நாளில் ஓடியிருந்த தூரம், நடுக்கம் தொடங்கிய தேதி, பட்டறையின் எழுத்துப்பூர்வ அறிக்கை ஆகிய மூன்றையும் அவர் கையில் வைத்திருந்ததால் கடைசியில் பழுதுபார்ப்புச் செலவை அந்தக் கடையே ஏற்றது.

கார் நின்றுவிட்டால் இழுத்துச் செல்லலாமா?

உந்து சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுக்கக் கூடாது. இயந்திரம் ஓடாதபோது எண்ணெய்ப் பம்பும் ஓடாது. உலர்ந்த பெல்ட் கூம்பைச் சுரண்டும். முன்சக்கர உந்து காருக்கு முன்சக்கரங்களைத் தூக்கினால் போதும். நான்கு சக்கர உந்துள்ள சுபாருவை முழுவதுமாகத் தட்டைப் படுகை லாரியில்தான் ஏற்ற வேண்டும். விரைவுச்சாலையில் நின்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள நிறுத்துமிடம் வரை இலவசமாகக் கொண்டு விடும். வந்தவரிடம் காரின் வகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உரிமைச் சான்றிதழ் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன, கியர்பெட்டி போய்விட்டது. மாற்றுவது தகுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் முகத்தில் கவலையைப் பார்க்கிறேன். சில ஆயிரம் வெள்ளி எவருக்கும் சிறு தொகையன்று. மூன்று வழிகள் இருக்கின்றன. வால்வுத் தொகுதி அல்லது தாங்கியோடு பழுது முடிகிறது என்று பிரித்துப் பார்த்து உறுதியானால் பழுதுபார்ப்பது சிக்கனம். கூம்பில் தழும்பு விழுந்திருந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றி மூடுவதை நான் செய்வதில்லை. புதிய பெல்ட்டையும் அந்தத் தழும்பு தின்றுவிடும். அந்த நிலையில், புதுப்பிக்கப்பட்ட முழுப் பெட்டியை உத்தரவாதத்தோடு பொருத்துவது, காரை ஐந்து அல்லது பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்க எண்ணியிருப்பவர்களுக்குப் பொருந்தும். இரண்டு ஆண்டில் கழித்துவிடப் போகிற காருக்கு, குறைந்த தூரம் ஓடி விபத்தில் கழிக்கப்பட்ட காரிலிருந்து எடுத்த பெட்டி போதும். ஆனால் அதைப் பொருத்துமுன் அடிச்சட்டியைத் திறந்து காந்தத்தை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள்.

2030 முதல் இங்கே புதிதாகப் பதிவு செய்யப்படும் கார்கள் அனைத்தும் மின்சாரம், ஹைபிரிட் போன்ற தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும் என்பதால், பெட்ரோல் மட்டுமே குடிக்கும் பெல்ட் சிவிடி கார்கள் அதன்பின் புதிதாக வரப்போவதில்லை. ஏற்கெனவே சாலையில் இருப்பவை இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றுக்கான பெல்ட்டும் தாங்கியும் வால்வுத் தொகுதியும் இப்போதைக்குத் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன. பெட்டியைக் கழற்றி ஏற்ற இரண்டு நாள், புதிய பெட்டிக்கும் கணினிக்கும் அறிமுகம் செய்துவைத்து ஓட்டிப் பார்க்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளைச் சுருக்கிவிட்டு மாலையிலேயே சாவியைக் கொடுக்கும்படி பட்டறையை அவசரப்படுத்தாதீர்கள்.